சாயப்பட்டறைத் தரை

திருப்பூரில் நொய்யல் ஆற்றை ஒட்டிய அந்தக் கட்டடம் பிசியோதெரபி நிலையமாக மாறிக்கொண்டிருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நின்றுபோனவற்றில் இதுவும் ஒன்று. அப்புறம் குடோனாகக் கிடந்தது. இனி சக்கர நாற்காலிகளும், பக்கவாதத்துக்குப் பின் நடை பழகுபவர்களும் வரப்போகிறார்கள். தரை சரியில்லை என்றால் மற்ற வசதிகள் எதற்கும் பயனில்லை. அதனால்தான் தரை வேலை நடக்கும்போதே போனேன்.

மேஸ்திரி டியூப் லெவலைக் கையில் எடுத்தார். தண்ணீர் நிரம்பிய டியூபைச் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை வெளியேற்றினார். ஒரு முனை அவரிடம், மறுமுனை எதிர்த் தூணில் நின்ற சித்தாளிடம். “அக்கா, கொஞ்சம் எறக்குங்க... போதும், கோடு போடுங்க.” இப்படியே சுற்றிலும் கோடு வந்தது. கோட்டிலிருந்து தரைக்கு டேப் பிடித்தால், சுவரோரத்தைவிட வாய்க்காலோரம் இரண்டரை அங்குலம் பள்ளம்.

“தரை கெட்டுப் போகலீங்க. சாயத்தண்ணி ஓடறதுக்குன்னே வெச்ச வாட்டமுங்க இது.”

100க்கு 1 வாட்டம் என்றால் இருபது அடியில் அவ்வளவு இறங்கத்தான் செய்யும். அன்றைக்கு இதைப் போட்டவர் நல்ல வேலைக்காரர்.

உண்மையான கேடு மேற்பரப்பில் இருந்தது. பருத்திக்குச் சாயமேற்ற உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அது கான்கிரீட்டுக்குள் ஊறியிருக்கிறது. ஈரம் மேலே வரும்போது உப்புப் பூத்து, புதுப் பூச்சைத் தூக்கிவிடும். கம்பியால் தட்டிப் பார்த்து, டொக்கென்று கேட்ட இடங்களைக் கொத்தி எடுத்தார்கள். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாள்களை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி முழுக்க விட்டிருந்தார்கள். வாய்க்காலோரத் தாளின் அடியில் முத்து முத்தாக நீர். அங்கே முதலில் எபாக்சி பூசி, அது காயுமுன் மணல் தூவ வேண்டும்.

மீதிப் பரப்பைக் கிரைண்டிங் மெஷினால் தேய்த்த ஒடிசா இளைஞர் முகத்தில் துண்டு கட்டியிருந்தார். கான்கிரீட் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. மெஷினில் வேக்குவம் குழாய்க்கு வாய் இருக்கிறது, குழாய்தான் இல்லை. எஸ்டிமேட்டில் வேக்குவம் வாடகைக்குப் பணம் ஒதுக்கவில்லையாம். அந்த வாடகையை மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளத்தைச் சிப்ஸ் ஜல்லிக் கலவையால் ஏற்றி, அது இறுகிக் காய்ந்தபின் மேலே மெல்லிய செல்ஃப் லெவலிங் கலவை. மூட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொம்பு தண்ணீர்கூட மேஸ்திரி விடமாட்டார். கூடினால் மேல்பக்கம் பொடியாக உதிரும். ஊற்றியதும் முள் ரோலர் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சில நிமிடங்களில் கலவை இறுகத் தொடங்கிவிடும், பேச்சுக்கே நேரமில்லை.

மாடியில் இந்த வேலை கிடையாது. இரண்டரை அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 150 கிலோ வரும். வீட்டுத் தளத்துக்கே ஆள், சாமான் எடையாக 200 கிலோதான் கணக்கு. அங்கே தேய்ப்பு மட்டும்.

குளியலறை வரும் மூலையிலும் கலவையைத் தடுத்துவிட்டார்கள். தண்ணீர் போக அந்தப் பழைய வாட்டம் வேண்டும். ஆனால் வாசலில் இரண்டரை அங்குல இறக்கம் விழும். நாற்காலி இறங்க 12க்கு 1 கணக்கில் இரண்டரை அடிச் சரிவு தேவை. மேஸ்திரி அதற்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.