சும்மா கிடக்கிற கடற்கரை

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

ஆறு மாதம் மகள் வீட்டில் இருக்க அமெரிக்கா வந்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். "டீச்சர், நயாகரா பார்த்தாச்சா? நியூயார்க் பார்த்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தாச்சு. ஆனால் நான் எழுத நினைப்பது மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அசட்டீக் என்ற தீவைப் பற்றி. ஜூலை மாதம் அதன் கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கினோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் நம் ஊர் விஷயம் ஒன்றும் இருக்கிறது.

தீவின் நீளம் 37 மைல், அதாவது ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அகலம் மிகக் குறைவு. ஒரு பக்கம் அட்லாண்டிக் பெருங்கடல், மறுபக்கம் அமைதியான விரிகுடா. பாலம் தாண்டி உள்ளே போனால் ஓட்டல் இல்லை, ராட்டினம் இல்லை, கடைத்தெரு இல்லை. நாங்கள் தங்கிய பகுதியில் கரண்ட் கிடையாது. குளிக்கப் பச்சைத் தண்ணீர்தான். மணலில் சாதாரண முளை நிற்காது என்று மருமகன் நீளமான முளைகளாக வாங்கி வந்திருந்தார். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கொசுவோ, நம் ஊர்க் கொசுவுக்கு அண்ணன். இத்தனைக்கும், கோடை விடுமுறையில் அங்கே இடம் கிடைக்க மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். எங்களைச் சுற்றிக் கூடாரம் கூடாரமாகக் குடும்பங்கள்.

அந்தத் தீவில் குதிரைகள் காட்டு விலங்குகளாகத் திரிகின்றன. கவிழ்ந்த ஸ்பெயின் கப்பலில் இருந்து நீந்திக் கரையேறியவை என்று ஒரு கதை சொல்கிறார்கள். உண்மை வேறு மாதிரி இருக்கும் போல. 1600-களில் எதிர்க்கரையில் இருந்தவர்கள் வேலி போடும் செலவிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்கத் தங்கள் கால்நடைகளைத் தீவில் கொண்டு வந்து விட்டார்களாம். அவற்றின் வாரிசுகள்தான் இவை என்கிறார்கள். வரி என்றால் எல்லா ஊரிலும் ஒரே புத்திதான்! குதிரைக்கு 40 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும், தீனி கொடுக்கவே கூடாது, சாப்பாட்டைக் காருக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையும் இரண்டு நாளும் கார் டிக்கியில்தான் குடியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் பேரன், "வா அம்மாச்சி, நடக்கலாம்" என்று மணல்மேடுகளுக்கு நடுவே போகும் ஒரு பாதைக்குக் கூட்டிப் போனான். வழியில் மணலுக்குள்ளிருந்து கறுப்பாகத் தார்த் துண்டுகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஆளில்லாத தீவில் தார் எப்படி வந்தது என்று கேட்டான். பக்கத்தில் வைத்திருந்த பலகையைப் படித்துத் தெரிந்துகொண்டோம்.

1950-களில் இந்தத் தீவையும் மனை போட்டு விற்றிருக்கிறார்கள். நீளவாக்கில் ஒரு தார்ச்சாலை போட்டு, அதற்கு பால்டிமோர் பூல்வார்டு என்று பெரிய நகரத்துச் சாலை மாதிரிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மனைகள் கைமாறின. சில வீடுகளும் எழும்பின. 1962 மார்ச் மாதம் ஒரு புயல் நாள்கணக்கில் விடாமல் அடித்தது. கடல் தீவைத் தாண்டி மறுபக்க விரிகுடாவில் போய் விழுந்தது. சாலையும் போயிற்று, வீடுகளில் பெரும்பாலானவையும் போயின. இனி இங்கே கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்து, 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் காலத்தில் அதைத் தேசியக் கடற்கரையாக அறிவித்தார்கள். இன்று நாம் பார்க்கிற "ஒன்றுமில்லாத" கடற்கரை தானாக அப்படி இருக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விடுவது என்று மனிதர்கள் தீர்மானித்ததால் அப்படி இருக்கிறது.

இங்கே கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பழக்கதோஷம். இப்படிப்பட்ட தீவு ஓரிடத்தில் நிற்பதில்லை. புயல் அலை கடல் பக்கத்து மணலை வாரி விரிகுடா பக்கம் கொட்டும். தீவு மெல்ல மெல்லக் கரையை நோக்கி உருளும். அது அழிவு இல்லை, அதன் பிழைப்பே அப்படித்தான். ஆனால் மணல் வரத்து தடையில்லாமல் இருக்க வேண்டும். 1933-ல் ஒரு புயல் இந்தத் தீவை வடக்கே உள்ள ஓஷன் சிட்டியிலிருந்து வெட்டிப் பிரித்தது. படகு போகட்டும் என்று அந்த வாய்க்கால் தூர்ந்துவிடாமல் இருபுறமும் கல்சுவர் எழுப்பினார்கள். வடக்கிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த மணல் சுவரில் முட்டி நின்றது. ஓஷன் சிட்டி பக்கம் கரை அகன்றது. அசட்டீக்கின் வடமுனை மணலில்லாமல் மெலிந்து, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது. இப்போது செலவு செய்து மணலை அள்ளிவந்து அங்கே கொட்டுகிறார்கள்.

மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு புல். அதை மிதித்தால் பட்டுப்போகும் என்று, குறித்த பாதையைத் தவிர வேறெங்கும் காலெடுத்து வைக்க விடுவதில்லை. நம் கரையில் அதே வேலையை அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் செய்கின்றன. சுற்றுலா போனபோது இராவணன் மீசை குத்தி அழுதவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது!

பேரனிடம் தனுஷ்கோடியைப் பற்றிச் சொன்னேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலின்போது எனக்கு ஐந்து வயது. காற்றின் சத்தம் மட்டும் காதில் இருக்கிறது. பாம்பனிலிருந்து போன ரயிலும் ஊரும் போன கதையை எங்கள் அய்யா சொல்லித்தான் கேட்டு வளர்ந்தேன். அசட்டீக் புயலுக்கும் அதற்கும் மூன்று வருடம்கூட இடைவெளி இல்லை. அங்கேயும் குடியிருக்கத் தகுதியில்லை என்று அரசு அறிவித்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் எத்தனை கார்கள் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். போய்ப் பார்க்கட்டும், தப்பில்லை. பார்த்துவிட்டுத் திரும்பும் இடமாகவே அது இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது உறவுகளுக்கு. அய்யா வழியில் வந்த கடலோர நிலத்தைக் கேட்டு ஒருவர் வந்திருப்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். "சும்மா கிடக்கிற இடம்தானே, காட்டேஜ் கட்டினால் காசு" என்கிறாராம். என் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறீர்கள். ரோட்டை ஒட்டிய பாதியை விற்க எனக்குச் சம்மதம். கடலை ஒட்டிய மணல்மேட்டுப் பாதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது சும்மா கிடக்கவில்லை. பின்னால் இருக்கிற பனைகளுக்கும் கிணற்றுக்கும் குடிசைகளுக்கும் காவலாக நிற்கிறது. அதைச் சமப்படுத்திவிட்டுப் பிறகு கல்சுவர் கட்டினால், நம் இடம் தப்பினாலும் பக்கத்துக் குப்பத்தின் கரை கரையும்.

தம்பி மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ரோட்டோரப் பாதி விற்று வரும் என் பங்கை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன். தம்பியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றான். யோசிக்கட்டும்.

பிள்ளைகளே, "கடலோரத்தில் மனை வாங்கலாமா டீச்சர்?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் முன் அந்த ஊர் மீனவப் பெரியவர் ஒருவரிடம், கடல் எதுவரை வந்து போயிருக்கிறது என்று கேளுங்கள். பத்திரத்தில் அது இருக்காது. அவருக்குத் தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள். தீபாவளிக்கு முன் ஊர் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்