பெயரில் ஒட்டிய நோய்

தோலைப் பற்றி முதுதத்துவமாணிப் பட்டத்திற்கு ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் எங்களூரில் முதலில் வரும் கேள்வி, "அப்ப நீங்க டொக்டரா?" என்பதுதான். இல்லை என்றதும் அடுத்தது வரும்: "முகம் வெள்ளையாக நல்ல கிறீம் ஒண்டு சொல்லுங்களன் மகள்." நான் மருத்துவரல்ல, உயிரியல் பட்டதாரி. நான் ஆராய்வதோ தோல் வெள்ளையாகிவிடுவதால் வரும் துயரத்தை. இந்த முரணை நினைத்துப் பலமுறை தனியே சிரித்திருக்கிறேன்.

மருத்துவ உலகில் இந்நோய்க்கு விட்டிலிகோ என்று பெயர். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் வரை இதற்கு ஆளாகின்றனர். நமது மேற்றோலின் அடிப்படையில் மெலனின் என்னும் நிறப்பொருளை உண்டாக்கும் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலமும் கைகளைப் போன்ற நீட்சிகளால் தன்னைச் சூழவுள்ள சுமார் 36 தோற்கலங்களுக்கு நிறத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இக்கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை உண்டாக்கும் நிறத்துணிக்கைகளின் பருமனிலும் தொகையிலும்தான் வேறுபாடு. நிறம் பார்த்துப் பெண் கேட்கும் நம்மவர்கள் ஒருமுறையேனும் நுணுக்குக்காட்டியினூடாக இதைப் பார்க்க வேண்டும்.

உடலைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்களில் ஒருவகை, இந்த நிறக் கலங்களை அந்நியரென்று எண்ணி அழித்துவிடுவதால்தான் வெண்திட்டுக்கள் தோன்றுகின்றன. இங்கே கிருமி எதுவும் இல்லை. தொட்டால் தொற்றுவதுமில்லை. மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று நம் மூத்தம்மாமார் சொல்வதற்கும் ஆதாரமில்லை.

ஆயினும் தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'வெண்குஷ்டம்'. குஷ்டம் எனப்படும் தொழுநோய் முற்றிலும் வேறானது. அது ஒரு பற்றீரியாவால் வருவது. 1873இல் நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் அதனைக் கண்டறிந்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையால் அதுவும் இன்று குணமாகும் நோயே. அந்நோயாளரையும் ஒதுக்குவதற்கு நியாயமில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவை அறிந்த தலைமுறைக்கு, குஷ்டம் என்ற சொல் ஊரிலிருந்து ஒதுக்கிவைத்தலின் மறுபெயராகவே இன்னும் ஒலிக்கிறது.

என் ஆய்வுக்கு நோயாளரிடமிருந்து 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு தோல்துண்டு தேவை. அதற்கு அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆங்கிலத்தில் நான் எழுதிய படிவம் மொழிபெயர்ப்புக்குச் சென்று திரும்பியபோது அந்தச் சொல் அதில் இருந்தது. மாற்றும்படி கேட்டேன். "அகராதியில் அப்படித்தானே இருக்கிறது" என்றார்கள். நெறிமுறைக் குழு அங்கீகரித்த படிவத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் மீண்டும் அனுமதி பெற வேண்டும். என் பதிவுக் காலமோ முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. "ஆய்வேடு ஆங்கிலத்தில்தானே, ஒரு சொல்லுக்காக ஏன் நாளைக் கடத்துகிறீர்கள்?" என்று நலம் விரும்பிகள் கேட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் அந்தத் தாய் தன் மகளை அழைத்து வந்தார். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. முழங்கையில் இரண்டு திட்டுக்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும், அவர்கள் மறுக்கவில்லை. தாய் படிவத்தை எழுத்தெழுத்தாக வாசித்தார். அந்தச் சொல்லில் அவரது விரல் நின்றது.

"மகள், வெள்ள எண்டு சொல்லித்தான் நாங்க சம்பந்தம் பேசின. இந்தப் பேர் எழுதின தாள்ல என்ட புள்ளயால கையெழுத்து வெக்க ஏலா. நாளைக்கு இது ஆர்ட கைக்குப் போகுமோ?"

அந்தப் பிள்ளை எதுவும் பேசவில்லை. அபாயாவின் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டாள். தகவல்கள் இரகசியமாகப் பேணப்படும் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தாயின் அச்சம் தாளைப் பற்றியதல்ல, பெயரைப் பற்றியது. அவர்களை ஸலாம் சொல்லி அனுப்பிவிட்டு, அன்றே திருத்தத்துக்கு விண்ணப்பித்தேன். அனுமதி வரும்வரை ஒருவரிடமும் கையொப்பம் கேட்கவில்லை. ஆறு வாரங்கள் கழிந்தன. 'வெண்திட்டு' என்ற சொல் படிவத்தில் ஏறியது. அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. வர வேண்டிய கடமையும் அவளுக்கில்லை.

அந்த ஆறு வாரங்களில் பழைய மருத்துவ வரலாற்றைப் புரட்டினேன். அரபு மருத்துவர்கள் தொழுநோயை 'ஜுதாம்' என்றும் வெண்திட்டை 'பரஸ்' என்றும் பிரித்தே அழைத்தார்கள். ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அனுமதிகொண்டு குணப்படுத்தியோரைக் கூறுமிடத்தில் அல்குர்ஆன் பயன்படுத்துவதும் 'அப்ரஸ்' என்ற சொல்லையே. நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அது வெண்குஷ்டமாகிவிட்டது.

மாலகாவில் பிறந்து 1248இல் டமஸ்கஸில் மறைந்த இப்னுல் பைதார், ஒருவகைச் செடியின் விதையை உட்கொள்ளக் கொடுத்து, திட்டுக்களை வெயிலில் காட்டச் செய்யும் சிகிச்சையைப் பதிந்து வைத்திருக்கிறார். அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த சேர்வையைக் கொண்டு 1940களில் கெய்ரோவில் அல் மொஃப்தி என்ற மருத்துவர் சிகிச்சையளித்தார். நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த கார்போகரிசியிலும் அவ்வகைச் சேர்வை உண்டு. 2022இல் அமெரிக்கா அங்கீகரித்த ருக்சொலிட்டினிப் களிம்போ வேறு வழியில், வெண்குருதிக் கலங்களின் தாக்குதலைத் தணித்து வேலை செய்கிறது.

சிகிச்சை பலிக்கும்போது நிறம் ஒரேயடியாகத் திரும்புவதில்லை. மயிர்க்கால்களின் ஆழத்தில் தப்பிக் கிடந்த மூலக் கலங்கள் மேலேறி வர, வெண்மையின் நடுவே சிறு சிறு புள்ளிகளாக நிறம் தோன்றும். பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். மயிரில்லாத விரல்நுனியிலும் உதட்டிலும் நிறம் திரும்புவது அரிது. நுணுக்குக்காட்டியில் முதன்முதலாக அத்தகைய கலமொன்றைக் கண்டபோது என்னையறியாமல் "சுப்ஹானல்லாஹ்" என்றேன்.

ஆய்வேடு இன்ஷா அல்லாஹ் நிறைவுறும். அதை ஒரு சிலரே வாசிப்பர். சொற்களை மக்களிடம் கொண்டு சேர்ப்பவர்கள் எழுத்தாளர்கள். கதையில் ஒரு பாத்திரத்தின் பாவத்துக்குத் தண்டனையாகவோ, கவிதையில் சமூகச் சீரழிவுக்கு உவமையாகவோ 'வெண்குஷ்டம்' என்று எழுதும் கரம் ஒரு கணம் தயங்கினால் போதும். அந்த வரியையும் எங்கோ ஒரு தாய் எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருப்பார்.