காரை நீக்கும் கைத்தொண்டு

திருக்கோயில்களில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துவது மரபு. பாலாலயம் நிறைவுற்றதும் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழும்பும். வண்ணப்பூச்சுக்கும் கலசத்திற்கும் மின்விளக்கிற்கும் உபயதாரர்கள் மகிழ்வுடன் முன்வருவர். ‘பழைய காரை அகற்றுதல்’ என்னும் செலவினத்திற்குப் பெயர் கொடுப்போர் அரியர். ஆயினும் கோபுரத்தின் ஆயுள் பெரிதும் அப்பணியையே சார்ந்துள்ளது.

நம் பெருங்கோபுரங்கள் பலவற்றில் அடிப்பகுதி கருங்கல்லாலும், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டும் அமைந்தவை. மழையிலும் வெயிலிலும் செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து நாளடைவில் உதிர்கிறது. அவ்விடுக்கில் பறவைகளின் எச்சத்தால் அரசங்கன்று முளைக்கிறது. அதன் வேர் சுவரைப் பிளக்கிறது. 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய திருக்காளத்தி இராஜகோபுரம் விரிசல் கண்டு, 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்ததை அடியார்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உதிரும் சாந்தின்மீதே புதுச்சாந்தைப் பூசினால் அது பற்றாது, விரைவிலேயே பெயர்ந்துவிடும். ஆதலின் இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழமேனும், உறுதியான சாந்து தென்படும்வரை, மெல்லிய உளிகொண்டு கையாலேயே சுரண்டி எடுத்தல் வேண்டும். அறுக்கும் இயந்திரம் விரைவாக வேலையை முடிக்கும். சற்றே பிசகினும் செங்கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். அந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. சுரண்டியபின் தூசியைத் துடைத்து, நீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தையே சிறிது சிறிதாக அழுத்தி நிரப்பி, சில நாள்கள் ஈரம் காத்தல் முறை. சிமெண்ட் இட்டால் சுவருள் புகுந்த ஈரம் அதன் வழியே எளிதில் வெளியேறாது. செங்கல் வழியே வெளிவரும்போது உப்புப் பூத்துச் செங்கல்லே பொடியத் தொடங்கும்.

அப்பர் பெருமான் ஏந்தியது உழவாரப்படை. கோயில்களில் முளைத்த புல்லைச் செதுக்கி நீக்குவதையே அவர் தம் கைத்தொண்டாகக் கொண்டார். வேண்டாததை நீக்குவதும் வழிபாடே என்பதற்கு அவரினும் சிறந்த சான்று வேறில்லை. சாரத்தின் மேலமர்ந்து நாள் முழுதும் இடுக்குகளைச் சுரண்டும் கொத்தனார் செய்வதும் அத்தகைய தொண்டே. அவருடைய கூலிக்குப் பொருள் தருபவரின் பெயர் எந்த விளக்கிலும் எழுதப்படுவதில்லை.

குடமுழுக்கிற்கு நாள் குறித்துவிட்டால் அவசரத்தில் முதலில் சுருக்கப்படுவது இப்பணியே. ஆகவே திருப்பணிக் குழு கூடும்போதே, காரை நீக்குவதற்கு எத்தனை நாள்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்று அடியார்கள் பணிவுடன் கேட்டறிதல் நன்று. போதிய நாள்கள் இல்லையெனில், முகூர்த்தத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதில் குறையொன்றுமில்லை.