இரண்டு பேஸ்களின் கீழ்த்தளம்

ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தைப் போட்டதுமே, பேஸ் வாசிப்பவன் என்பதால், என் காது கீழேதான் இறங்கும். மேலே ஆல்ட்டோ சாக்ஸபோனும் இரண்டு டிரம்பெட்டும் எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும் ஒன்றை ஒன்று முந்திக் கூவுகின்றன. அடியில் பேஸ்களோடு ஸ்காட் லஃபாரோவும் சார்லி ஹேடனும்.

1960 டிசம்பர் 21, நியூயார்க். எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழு. இடது ஸ்பீக்கரில் ஒன்று, வலதில் ஒன்று. ஒரே மூச்சில் ஏறத்தாழ 37 நிமிடம். ஆளாளுக்குத் தோன்றியதை ஊதித் தள்ளினார்கள் என்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பே அமைத்த சிறு பகுதிகள் நடுநடுவே வருகின்றன, தாளம் விடாமல் ஓடுகிறது. இல்லாதது கார்டு (chord) வரிசைதான்.

அது போனதும் பேஸ்காரரின் வேலையே மாறிவிடுகிறது. வழக்கமான ஜாஸில் அடுத்து எந்தக் கார்டு என்று தெரியும். அதன் மூல ஸ்வரத்தைக் குறிவைத்து நான்கு தட்டில் நடந்து போய்விடலாம். இங்கே நான் மீட்டுவதே ஹார்மனி. சாக்ஸபோன் ஒரு ஜி-யைப் பிடித்து நிற்கிறது என்று வையுங்கள். கீழே நான் ஈ மீட்டினால் மைனரின் சோகம் படரும். அரை ஸ்வரம் இறங்கி ஈ-ஃபிளாட் மீட்டினால் அதே ஜி மேஜராகிப் பளிச்சிடும். ஊதுபவரின் மனநிலையை ஒரு விரல் திருப்பிவிடும். இதைவிடப் பெரிய பொறுப்பை நான் எந்த இசையிலும் சுமந்ததில்லை.

ஹேடன் குடும்பத்தோடு வானொலியில் கன்ட்ரி பாடல்கள் பாடி வளர்ந்தவர். தடித்த ஒலி, அவசரமில்லாத கை. லஃபாரோ பேஸின் குதிரையை (பிரிட்ஜை) தாழ்த்தித் தந்தியை விரல்பலகைக்கு நெருக்கி வைத்தவர்; வலக்கையின் இரு விரல்களை மாற்றி மாற்றி மேல்ஸ்தாயியில் பறப்பார். இரண்டு பேஸும் ஒன்றாய் அடியில் கிடந்தால் ஒலி கலங்கிச் சேறாகிவிடும். அதனால்தான் இந்தப் பங்கீடு.

இடது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹேடனோடு வாசித்துப் பழகுவேன்; பிறகு வலதை அணைத்து லஃபாரோவோடு. முதலாவதில் மேலே ஏறும் துணிச்சல் வருகிறது. இரண்டாவதில் ஒரே ஸ்வரத்தில் ஊன்றி நிற்கும் பொறுமை வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் கடினம் இரண்டாவதுதான்.