சிறகி எத்தனை

மழை விட்ட சாயங்காலங்களில் குட்வில் எஸ்டேட்டின் ஈர மண்ணிலிருந்து ஒரு வாடை கிளம்பும், அழுகின இலையும் சேறும் கலந்த துவர்ப்பு வாடை, அது மூக்கில் ஏறினால் எனக்கு இந்த அந்தமான் தீவு மறந்துபோய்த் தாத்தாவின் காக்கிப் பைதான் ஞாபகம் வரும், கருமருந்தும் புகையிலையும் நனைந்த இறகும் சேர்ந்து நாறிய பை.

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் அது, ஐப்பசி மழையில் பெருகி, மார்கழியில் கிளுவையும் ஊசிவால் வாத்தும் வடக்கேயிருந்து வந்து இறங்கும், தாத்தா விடியுமுன்னே கருவேல மரத்தடியில் குத்தவைத்து, பற்றவைக்காத பீடியைச் சும்மா கடித்துக்கொண்டு, இருட்டுக்குள் கேட்கிற சீழ்க்கையை வைத்தே மேலே போகிற சிறகி எத்தனை என்று சொல்லிவிடுவார். ஒரு வெடிக்கு மேல் போடமாட்டார், இரக்கத்தால் அல்ல, ரவை விற்ற விலை அப்படி. உள்ளான் கிடைத்தால் பாட்டி மிளகைத் தவிர வேறொன்றும் சேர்க்கமாட்டாள், கவுதாரிக்குக் கண்ணி வைப்பதென்றால் பழக்கின கவுதாரி ஒன்று கூண்டோடு கூடவே போகும். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் மிச்சமிருந்த உரிம வேட்டையையும் மூடியது, அதற்கு வெகுமுன்பே துப்பாக்கி பரணேறிவிட்டது.

அவரோடு வேடந்தாங்கலுக்குப் போனதும் நினைவிருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டுத் தள்ளியதை ஊரார் எதிர்த்து, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் காப்பு எழுதி வாங்கிய ஏரி அது, கரையில் நின்று சுடத் தோதான இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் அளந்து பெருமூச்சு விட்டவர், கடைசியில் தண்ணீரை அள்ளி முகர்ந்துவிட்டு, “இந்த எச்சத் தண்ணி பாயிற வயலுக்கு எருவு எதுக்குடா” என்றார்.

இங்கே அந்தமானில், சிப்பிகாட்டில் முதன்முதலாக பஸ்ஸை விட்டு இறங்கியபோது நானும் தாத்தா எங்கே குத்தவைப்பார் என்றுதான் தேடினேன். பட்டுப்போன மரங்கள், தேங்கிய தண்ணீர், நடுவே அந்தமான் கிளுவை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, இந்தத் தீவுக்கூட்டத்தை விட்டு வேறெங்கும் அநேகமாகப் பார்க்க முடியாத வாத்து. பக்கத்தில் நின்ற வங்காளிப் பெரியவர் கையை நீட்டி, அதோ அங்கே என் நெல்வயல் இருந்தது என்றார். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது, வடக்கே கடலடிப் பவளப்பாறை மேலெழுந்து காய்ந்தது, இங்கே கடல் வயலுக்குள் வந்து திரும்பிப் போகவேயில்லை. அதற்குப் பிறகு எனக்கு இடம் பார்க்கத் தோன்றவில்லை.

போன வாரம் அண்ணன் மகன் பேசினான், இங்கே மாற்றலாகி வருகிறானாம், “சித்தப்பா, அங்க சிறகி, புறா எல்லாம் அடிக்கலாமா?” நிக்கோபார் பழங்குடிகளின் வேட்டை உரிமையைச் சட்டம் தொடவில்லை, நம்மைப் போல வந்தேறியவர்களுக்கு ஒன்றும் கிடையாது, வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டு இன்று காட்டை மொட்டையடிக்கிற புள்ளிமானைக்கூடத் தொடமுடியாது என்றேன். ஏர்கன்னை ஊரிலேயே வைத்துவிட்டு வா, சிப்பிகாட்டுக்குக் கூட்டிப்போகிறேன், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே என்ன பறவை, எத்தனை என்று சொல்லு பார்க்கலாம் என்றேன்.

“அதுக்குத்தான் ஆப் இருக்கே சித்தப்பா” என்றான்.