மனை வாங்குமுன்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்றனர் நம் முன்னோர். வீடு கட்டுமுன் மனை ஒன்றைத் தேடிப் பார்க்கும் பாட்டை அவர்கள் ஏனோ குறிப்பிடவில்லை. பாட்டன் மனையிலேயே பேரனும் சுவர் எழுப்பிய காலம் அது. இன்று திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் செல்லும் வழியில் வண்ணக் கொடிகளும் வெள்ளையடித்த எல்லைக் கற்களுமாக மனைப்பிரிவுகள் கண்ணிற்படுகின்றன. நேற்றுவரை அவை வயல்கள்.

மனை வாங்குவோர் நம்மிடம் வந்து கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் திசையைப் பற்றியதாகவே இருக்கிறது. வாசல் கிழக்கா, வடக்கா? தெருக்குத்து உண்டா? ஞாயிறு திருப்பலியில் விசுவாச அறிக்கை சொன்ன நாவு, திங்களன்று ஈசானிய மூலையை விசாரிக்கிறது. நாம் நகைப்பதில்லை, காற்றும் வெளிச்சமும் வரும் பக்கத்தை நாடுவது அறிவுடைமையே. ஆயினும் மனையைப் பற்றிக் கேட்கவேண்டிய வேறு இரு கேள்விகள் உள்ளன. மழைநீர் இங்கு எவ்வழியாகப் போயிற்று? இந்நிலம் இதற்குமுன் யாருடையது?

முதற்கேள்விக்கு அம்மையார்குப்பத்து மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. அது நெசவாளர் ஊர். இன்று விசைத்தறியின் ஓசை தெருக்களை நிறைத்தாலும், குழித்தறியை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையை மிதித்தால்தான் அத்தறி ஓடும். தாழ்ந்த மனையாயின் கார்த்திகை மழையில் குழியில் ஊற்றெடுக்கும், தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பும் நிற்கும். மேட்டு மனையின் அருமையை அவர்களுக்குக் கால்களே கற்பித்திருந்தன. மணல்மீது கட்டிய வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா எழுதும்போது, அறிவாளி ஆழத் தோண்டினான் என்று கூடுதலாக ஒரு செய்தி தருகிறார். தோண்டிப் பார்த்தவனுக்கன்றோ அடியில் இருப்பது பாறையா, ஈரமா என்பது தெரியும்! 2015 டிசம்பரில் சென்னைப் புறநகர்களில் ஏரிகளைத் தூர்த்துக் கட்டிய வீடுகளுக்குள் அந்த ஏரிகளே திரும்பி வந்தன. 2021 நவம்பரில் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆறு தரைப்பாலங்களை மூழ்கடித்தது. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

இரண்டாம் கேள்வி கடினமானது. எல்லைப்புறத்தில் அது மேலும் சிக்கலாகிறது. ஒரு காலத்தில் கார்வேட்டிநகர் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது இப்பகுதி. பின்னர் சித்தூர் மாவட்டத்தோடு 1953-இல் ஆந்திரத்துக்குச் சென்று, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியோடு தமிழகத்துக்குத் திரும்பியது. எனவே மூலப்பத்திரம் தெலுங்கில் இருக்கக்கூடும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரு முதியவரைத் தேடிப்பிடிக்காமல் முன்பணம் கொடுப்பது பேதைமை. வில்லங்கச் சான்றும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒரு சேலையும் ஒருவேளை விருந்தும் கொடுத்துச் சகோதரிகளிடம் வாங்கிய விடுதலைக் கையொப்பத்தின் கண்ணீரை எந்தச் சான்றிதழும் காட்டுவதில்லை.

எரேமியா இறைவாக்கினர் நிலம் வாங்கிய நிகழ்ச்சியை இங்கு நினைக்கிறோம். பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. அவரோ காவலில் இருக்கிறார். அந்நிலையிலும் அனத்தோத்து ஊரிலிருந்த நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டும் மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. நாடே அழியப்போகும் நேரத்தில் ஏன் இத்தனை ஒழுங்கு? அந்நிலத்தை மீட்கும் உரிமை உறவுமுறையில் அவருக்கு இருந்தது. வெளிச்சத்தில் நிற்கத்தக்க உரிமை அது.

நாம் அறிந்த நெசவாளர் குடும்பம் ஒன்று, கூலிக்குத் தறி ஓட்டிப் பதினைந்து ஆண்டு சேர்த்த பணத்தில் மனை தேடியது. சாலையோரம் மூன்று சென்ட் மலிவாக வந்தது. மேட்டு நிலம், கிழக்கு வாசல். 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டனர். கிராமக் கணக்கைப் பார்க்க நாமும் உடன் சென்றோம். நிபந்தனையோடு வழங்கப்பட்ட நிலம் என்று அதில் குறிப்பு இருந்தது. பஞ்சமி நிலம்!

செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்ஹீர் என்பார் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைக் குறித்து எழுதிய அறிக்கையின் பயனாக, 1892-இல் ஆங்கில அரசு அம்மக்களுக்கென நிலம் ஒதுக்கியது. முதற் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கலாகாது. அதன்பின்னும் அவ்வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் மிகப்பல கைமாறிவிட்டன. காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பலியாயினர். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் அரசர்கள் நூலில் மட்டுமே இருப்பதன்று.

“அதெல்லாம் பழைய கதை சாமி, எத்தனையோ கை மாறியாச்சு” என்றார் தரகர். கணவருக்கும் மனம் ஊசலாடிற்று. இத்தனை மலிவில் இனி எங்கே கிடைக்கும்? மனைவிதான் முடிவு சொன்னார்: “வேணாம் சாமி. பிள்ளைங்க நிம்மதியாத் தூங்கணும்.” முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. இரு திங்கள் கழித்து ஊருக்குள்ளேயே ஒன்றரை சென்ட் வாங்கினர். அதில் வீடு கட்டலாம், தறிக்கு இடமில்லை. கணவர் இன்னும் பிறர் கொட்டகையில்தான் நெய்கிறார்.

சாலையோர மனையை வேறொருவர் வாங்கிக் கம்பி வேலியும் போட்டுவிட்டார். சென்ற வாரம் திருப்பலி முடிந்ததும் அந்த அம்மாள் நம்மிடம் வந்து, “அந்த நிலத்தை முதல்ல யாருக்குக் கொடுத்தாங்களோ, அவங்க பேரப்பிள்ளைங்க இப்ப எங்க இருக்காங்க சாமி?” என்று கேட்டார். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.