ஏரிமுறையும் கடல்முறையும்

நிலத்திற்கு வேலி இடலாம். நீருக்கு இடுதல் அரிது. நீரில் உலவும் மீனுக்கோ வேலி என்பதே இல்லை. ஒரு நாட்டுக் கடலில் பிறந்த சூரைமீன் மற்றொரு நாட்டுக் கடலில் வளர்ந்து, மூன்றாம் நாட்டார் வலையிற் படுகின்றது. ஆதலின் மீன்வளத்தைத் தனித்து நின்று காத்தல் எந்நாட்டார்க்கும் அரிது; சிறு தீவினர்க்கோ இயலவே இயலாது.

இதனை உணர்ந்து செயலிற் காட்டினோர் பசிபிக் மாகடலின் தீவினராவர். துவாலு என்னும் நாட்டின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டரே. இத்தகைய நாடுகளைத் தொலைநாட்டுக் கப்பலார் தனித்தனியே அணுகிக் குறைந்த பொருள் ஈந்து மிகுந்த மீனை வாரிச் சென்றனர். 1982-இல் நவூரு உடன்படிக்கை தோன்றியது. இன்று அதன்கண் உள்ள நாடுகள் எட்டு. கப்பல்கள் ஓராண்டில் மீன்பிடிக்கும் நாட்களுக்கு அவை பொதுவில் ஓர் எல்லை கட்டி, அந்நாட்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, வேண்டுவோர்க்கு விலைக்கு விடுகின்றன. ஒரு கப்பல்நாளின் அடிவிலை 8,000 அமெரிக்க டாலர் என்றும் வகுத்தன. பிரிந்து நின்றபோது கேட்டது கிடைத்திலது. கூடி நின்றபோது வருவாயும் பெருகிற்று, மீனும் எஞ்சிற்று.

எம் ஊர் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டு. கடல் காணாத ஊர். எனினும் இவ்வேற்பாடு எமக்கு எளிதில் விளங்கிற்று. தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதி, முன்னர் ஏரிகளை நம்பி வாழ்ந்தது. ஏரி நிரம்பிய ஆண்டில் முறை வேண்டுவதில்லை. நீர் குன்றிய ஆண்டிலோ நீர்க்கட்டி வயல்தோறும் பொழுதளந்து நீர் விடுவார். மேல்மடைக்காரர் முறை தப்பி மடை திறப்பின் கடைமடையிற் பயிர் கருகும். “கடைமடைக்காரன் வயிறும் வயிறுதானே” என்பது எம் பாட்டனார் வாய்ச்சொல். கழனி கைமாறிற்று, அச்சொல் மட்டும் எம்மிடம் நின்றது.

இச்சொல்லோடு பாக்கு விரிகுடாவை நோக்குவோமாக. ஆழம் குறைந்த அக்கடலின் ஒருகரையில் நாமும், மறுகரையில் ஈழத்து வடபுலத் தமிழரும் வாழ்கின்றோம். 1974, 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் கடலெல்லையை வகுத்தன. எல்லை அறியா மீனைக் கூடிப் பேணும் முறையை வகுத்தில. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் அக்கரை மீனவர் கடலிற் செல்லவும் தடுக்கப்பட்டனர். அக்காலத்தே நம் விசைப்படகுகள் பெருகி அப்பால் சென்று பழகின. போர் முடிந்து அவர்கள் சிறுபடகோடு திரும்பியபோது, நம் இழுவைமடிகள் கடலடியைத் துடைத்தும் அவர்தம் வலையை அறுத்தும் சென்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் விலக்கிற்று. இப்பாலோ, கூலிக்குச் சென்றோர் சிறைப்படுகின்றனர், படகுகள் பறிபோகின்றன, உயிரிழந்தோரும் உளர். இருகரையிலும் அழுவோர் ஏழையரே. ஆயினும் இக்கடலில் மேல்மடையில் நிற்போர் நாம் என்பதை மறைத்தல் அறமாகாது.

நாளளந்து பகிர்தல் நம் மீனவர்க்குப் புதிதன்று. இராமநாதபுரக் கரையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் செல்லும் முறை வகுத்துக்கொண்டவர் அவர். 2010-இல் இருகரை மீனவரும் சென்னையில் கூடி, ஆண்டிற்கு 70 நாள் மட்டும் இழுவைப்படகு செல்லலாம் என்றும், ஓராண்டில் அதனையும் விடுவது என்றும் இசைந்தனர். அரசுகளின் துணை வாராமையால் அவ்விசைவு பயன்படாது போயிற்று. 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்ற 2017-இல் தொடங்கிய திட்டமும் சிறிதளவே நிறைவேறிற்று. அதனை முற்றுவித்தலும், மீனின் அளவை இருநாட்டாரும் கூடி ஆராய்தலும், மீனவரையே மன்றில் அமர்த்தி நாள்முறை வகுத்தலும் இன்று வேண்டப்படுவன. தொழில் மாற்றும் செலவைக் கூலிக்குச் செல்வோர் தலையில் ஏற்றலாகாது. எல்லை கடந்தாரைத் துப்பாக்கியால் எதிர்கொள்ளலும் ஆகாது.

கலிலேயக் கடலில் வலை கிழியலுற்றபோது, மீனவர் மற்றப் படகிலிருந்த தம் கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தனர் என நற்செய்தியிற் பயில்கின்றோம். மற்றப் படகில் இருந்தோர் பகைவரல்லர், கூட்டாளிகள். கச்சத்தீவில் அந்தோனியார் திருவிழாவில் இருகரையாரும் ஒரு பீடத்தின்முன் முழங்காலிட்டு ஒரே தமிழில் மன்றாடுகின்றனர். நெய்தற் பாட்டுக்கு உரை தேடும் மாணவ நண்பர்களே, நெய்தல் நிலத்து மக்களின் வழக்கையும் சற்றே தேடிக் கற்போமாக. ஒரு மொழியில் மன்றாடத் தெரிந்தோர்க்கு அம்மொழியிலேயே முறை பேசிக்கொள்ளவும் இயலும் என்பது எம் துணிபு.